ரீஸ்டார்ட் அக்காவின் மூன்று வார லீவு

பல் பிடுங்குகிற நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தபோதுகூட அவளுக்கு ஆபீஸிலிருந்து ஃபோன் வந்திருக்கிறது. பாதி முகம் மரத்துப்போன நிலையில் "ரெண்டாவது மெஷினைப் பாருங்க" என்று அவள் சொன்னது, எதிர்முனையில் இருந்தவருக்கு கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் கேட்டதாம். ஆனாலும் புரிந்துகொண்டார்கள். பல் டாக்டர் குறடைத் தட்டில் வைத்துவிட்டு, "நீங்க முடிச்சிட்டுச் சொல்லுங்க, அப்புறம் நான் ஆரம்பிக்கறேன்" என்றார். குளித்துக்கொண்டிருக்கையில் வந்திருக்கிறது. கூட்டமான பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கையில் வந்திருக்கிறது. ஆறு வருஷத்தில் அவள் சேர்ந்தாற்போல் எடுத்த லீவு இரண்டு நாள். அதுவும் காய்ச்சல்.

நாற்பத்து நாலு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடங்களின் முடிவுகளை மருத்துவமனைகளுக்கும் நோயாளிகளின் ஃபோனுக்கும் அனுப்பித் தருகிற ஒரு கம்பெனியில் மெஷின்களைக் கவனித்துக்கொள்பவள். ஒரு காலத்தில் ஆபீஸின் பின்னறையில் ஆறு சர்வர்கள் இருந்தன. எது மக்கர் பண்ணினாலும் அவள் போய் அணைத்துப் போடுவாள், சரியாகிவிடும். அப்போது வைத்த பெயர் ரீஸ்டார்ட் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பின்னறையில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் போகவில்லை.

இப்போது இருப்பவை பதினான்கு மெஷின்கள். ஒன்றையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை; ஏதோ ஒரு கிளவுட் கம்பெனியின் கட்டடத்தில் எங்கேயோ இருக்கின்றன. புரோகிராம்களைச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்தாற்போல் கட்டி, அந்த மெஷின்களில் ஏற்றி ஓட்டுகிறார்கள். கன்டெய்னர் என்று பெயர். எந்த டப்பா எந்த மெஷினில் ஓட வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க மேலே மேஸ்திரி மாதிரி ஒரு பகுதி உண்டு. அந்த மேஸ்திரியைக் கிளவுட் கம்பெனியே பார்த்துக்கொள்கிறது. ஒரு மெஷின் படுத்துவிட்டால் அதிலிருந்த டப்பாக்களை மற்ற மெஷின்களில் எடுத்து வைப்பான். படுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வரவழைப்பான். யாரும் எழுந்து வர வேண்டாம், யாருக்கும் ஃபோன் போட வேண்டாம். அதற்காகத்தான் இந்த ஏற்பாட்டுக்கு மாறினார்கள். மாறி நாலு வருஷம் ஆகிறது. ஃபோன் மட்டும் நிற்கவில்லை.

இந்த நிலையில்தான் அவளுடைய கூடப் பிறந்த அக்காவின் இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை.

அக்கா கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆகிவிட்டவள். ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் தனியாக இருக்கிறாள். குழந்தைகள் இல்லை, அத்தான் இறந்து மூன்று வருஷம். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் பக்கத்தில் ஆள் வேண்டும், கட்டிலிலிருந்து இறங்கவே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நான் வரேன்க்கா."

"நீ வருவ. உன் லேப்டாப்பும் வரும். ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் எங்க இடம் பார்க்கறது?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "இங்க பாரு குட்டி. கூலிக்கு ஒரு நர்ஸம்மாவைப் பேசி வெச்சிருக்கேன். நீ முழுசா வர்றதா இருந்தா அவங்களை வேண்டாம்னுடறேன். பாதியா வர்றதா இருந்தா வராத. நான் வருத்தப்பட மாட்டேன்."

வருத்தப்பட மாட்டேன் என்றதுதான் அவளைக் குத்தியது. அத்தான் இறந்த அன்று, உடலை எடுக்கப் போகிற நேரத்தில், அவள் கொல்லைப்புறப் படிக்கட்டில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஒரு மெஷின் போய்விட்டது என்று செய்தி வந்திருந்தது. நாலே நிமிஷ வேலை. முடித்துவிட்டு அவள் உள்ளே வந்தபோது வாசல் காலியாக இருந்தது. அக்கா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மேனேஜரின் அறைக்குப் போய் மூன்று வாரம் லீவு கேட்டாள்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ சண்டை போட்டு முடித்திருக்கலாம். எதற்கும் மறுக்க மாட்டார், நெற்றியைத் தடவுவார்.

"கண்டிப்பா போகணும் மேடம். அக்கான்னா சும்மாவா. ஆனா மூணு வாரம்..." நெற்றியைத் தடவினார். "நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒரு மெஷின் போனா அதுவே சரி பண்ணிக்கும் சார். நாலு வருஷமா அதுதான் நடக்குது."

"நடக்குது. நீங்க இருக்கறதால நடக்குது."

"நான் பார்த்துட்டுத்தான் சார் இருக்கேன். பண்றது அது."

"அப்போ ஒண்ணு செய்வோமா? நாளைக்கு மத்தியானம், வேலை கம்மியா இருக்கற நேரமா, நாமளே ஒரு மெஷினை அணைச்சிப் பார்ப்போம். நீங்க கை வைக்கக்கூடாது. அதுவா எழுந்துச்சுன்னா நீங்க கிளம்புங்க. நான் வாயே திறக்கல."

அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. தன் அக்காவின் இடுப்புக்கும் ஒரு மெஷினின் பிழைப்புக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இந்தப் பரீட்சையில் தோற்க வழியே இல்லை.

செவ்வாய் மூன்று மணிக்கு மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தார். பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளரம்மாவுக்கு முன்னதாகவே தகவல் சொல்லியாகிவிட்டது. திரையில் பதினான்கு மெஷின்களும் பச்சையாக வரிசை கட்டி நின்றன.

"நீங்களே ஒண்ணு காட்டுங்க சார்."

மேனேஜர் கடையில் மாம்பழம் பொறுக்குகிறவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்பதாவதைத் தொட்டார். அவள் கிளவுட் கம்பெனியின் பக்கத்துக்குப் போய் ஒன்பதாவதை அணைத்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

முக்கால் நிமிஷத்தில் ஒன்பதின் பச்சை சிவப்பானது. அப்புறம் எதுவும் நடக்கவில்லை.

"என்ன, சும்மா இருக்கு?"

"காத்துக்கிட்டிருக்கு சார். அஞ்சு நிமிஷம் பார்க்கும்."

"எதுக்கு அஞ்சு நிமிஷம்?"

"ஒருத்தர் ஃபோனை எடுக்கலன்னா உடனே அவர் செத்துட்டார்னு முடிவு கட்டுவீங்களா? கொஞ்சம் பொறுத்துத்தானே பார்ப்பீங்க. அந்த மெஷின் ஒருவேளை திரும்பி வந்துடலாம். அவசரப்பட்டு எல்லாத்தையும் இடம் மாத்தினா வேலை ரெட்டிப்பு."

"நீங்க எடுக்கலன்னா நான் ரெண்டாவது ரிங்லயே முடிவு கட்டிடுவேன்" என்றார் மேனேஜர். நகைச்சுவையாகத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஐந்து நிமிஷமும் அவள் விரல்கள் முழங்கைக்கு அடியில் நெளிந்தன. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோல் ஒரு உறுத்தல்.

ஆறாவது நிமிஷம் மேஸ்திரி விழித்துக்கொண்டான். ஒன்பதாவதில் இருந்த பன்னிரண்டு டப்பாக்களும் ஒவ்வொன்றாக மற்ற மெஷின்களில் எழுந்தன. நான்கு, ஏழு, பத்து, பதினொன்று. எட்டாவது நிமிஷம் புது மெஷினே வந்து நின்றது, பளிச்சென்று பச்சையாக.

"பதினொண்ணுதான் வந்திருக்கு" என்றார் மேனேஜர்.

"வந்துடும்."

பன்னிரண்டாவதற்கு எதிரே 'காத்திருக்கிறது' என்று இருந்தது. பத்தாவது நிமிஷமும் அப்படியே இருந்தது. பதினைந்தாவது நிமிஷம் மேஜைமேல் இருந்த ஃபோன் அடித்தது. பொறுப்பாளரம்மா. "ரிப்போர்ட் எதுவும் வெளியே போகலையே. அணைக்கறோம்னு சொன்னீங்க, திரும்பப் போட மறந்துட்டீங்களா?"

அவள் கை தானாகக் கீபோர்டை நோக்கிப் போனது.

"கை" என்றார் மேனேஜர்.

அந்தரத்தில் நின்ற தன் விரல்களை அவள் பார்த்தாள். அவை எந்தெந்த எழுத்துகளை அடிக்கப் போய் நின்றன என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இரண்டு வரி. நாலு வருஷமாக அந்த இரண்டு வரிகளைத்தான் அவை அடித்துக்கொண்டிருந்தன.

அந்தப் பன்னிரண்டாவது டப்பாதான் ரிப்போர்ட் தயாரிப்பது. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் அந்தக் கூடத்து டாக்டரின் கையெழுத்துப் படம் வர வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால், மாற்றிக்கொண்டிருந்த அவசரத்தில், கையெழுத்துகள் கண்ட இடத்தில் கிடக்கக்கூடாது, ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று பொறுப்பாளரம்மா கறாராகச் சொன்னார். சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று அவள் அந்தப் படங்களை ஒரு மெஷினில் கையால் கொண்டுபோய் வைத்தாள். அந்த மெஷினுக்கு ஒரு லேபிள் ஒட்டினாள். இந்த லேபிள் இருக்கிற மெஷினில்தான் ரிப்போர்ட் டப்பா ஓடலாம் என்று மேஸ்திரிக்குக் கட்டளையும் எழுதினாள்.

மேஸ்திரி கொண்டுவருகிற புது மெஷினில் அந்த லேபிள் இருக்காது. படங்களும் இருக்காது. எப்படி இருக்கும்? அவற்றை வைத்தது அவள். ஆகவே அந்த மெஷின் போய்விட்டது என்று ஃபோன் கத்தினால், மேஸ்திரி பொறுத்துப் பார்க்கிற அந்த ஐந்து நிமிஷத்துக்குள் அவள் இன்னொரு மெஷினுக்கு லேபிள் ஒட்டி, தன் லேப்டாப்பில் இருக்கும் படங்களை அதில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். ஐந்து நிமிஷம் முடிந்து மேஸ்திரி டப்பாவைத் தூக்கும்போது இடம் தயாராக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் தானாக நடந்ததுபோல் தெரியும். வெளியிலிருந்து என்ன, அவளுக்கே அப்படித்தான் தெரிந்தது. பல் தேய்ப்பதை யாராவது வேலைப் பட்டியலில் எழுதி வைப்பார்களா?

பதினான்கு மெஷின்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறாள். கணக்கில் வராத பதினைந்தாவது அவள்தான்.

கொல்லைப்புறப் படிக்கட்டில் அன்று அடித்ததும் இதே இரண்டு வரிகளைத்தான்.

"இப்பத் தொடலாமா சார்?"

மேனேஜர் தலையாட்டினார். நாற்பது நொடியில் பன்னிரண்டாவது பச்சையானது. தேங்கி நின்ற ரிப்போர்ட்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெளியே ஓடின.

"பார்த்தீங்களா" என்றார் மேனேஜர். குரலில் வெற்றி இல்லை, பாசம்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது மேடம். நான் பெருமையாத்தான் சொல்றேன்."

"பெருமைப்படாதீங்க சார். இது நான் போட்ட முடிச்சு."

"யார் போட்டா என்ன. லீவை ஒரு மாசம் தள்ளி வெச்சுக்க முடியுமான்னு அக்காகிட்ட..."

"இடுப்பு எலும்பைத் தள்ளி வைக்க முடியாது சார். நாளைக்கு மூணு மணிக்கு திரும்ப வாங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மேனேஜரைத் திரும்ப வரச் சொல்லியிருந்தாள். அவர் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது. மேஸ்திரியின் கட்டுப்பாட்டிலேயே ரகசியங்களை வைக்கப் பூட்டிய பெட்டகம் ஒன்று உண்டு. கையெழுத்துப் படங்களை அதில் வைத்துவிட்டால், டப்பா எந்த மெஷினுக்குப் போனாலும் மேஸ்திரி அவற்றையும் கூடவே எடுத்துக் கொடுப்பான். லேபிள் வேண்டாம், லேப்டாப் வேண்டாம். முதல் நாளிலிருந்தே அந்தப் பெட்டகம் அங்கே இருந்தது. இப்போதைக்கு என்று சொன்ன வாயை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

பொறுப்பாளரம்மாவின் சம்மதம் மட்டும் வேண்டியிருந்தது. புதன்கிழமை காலை ஃபோன் போட்டாள்.

"ஒரே இடத்துல இருக்கணும்னு நான் சொன்னேனே."

"ஒரே இடம்தாங்க. பூட்டுன இடம். இதுக்கு முன்னாடி அது என் லேப்டாப்லயும் இருந்துச்சு, என் லேப்டாப் பல் டாக்டர் கிளினிக் சோபாவுலயும் இருந்துச்சு."

"இதை நீங்க நாலு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க நாலு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?"

"சரி சரி, மாத்துங்க. எனக்கு எழுத்துல ஒரு வரி அனுப்பிடுங்க" என்று பொறுப்பாளரம்மா வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் மாற்றி முடித்தாள். கட்டளையிலிருந்த லேபிளை அழித்தாள். லேப்டாப்பிலிருந்த படங்களையும் அழித்தாள். அழிக்கவா என்று அது இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆம் என்றாள். அதற்கு மேல் அவள் நினைத்தாலும் பழையபடி கையால் காப்பாற்ற முடியாது.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். இந்தத் தடவை அவள் ரிப்போர்ட் டப்பா எந்த மெஷினில் இருக்கிறது என்று தானே காட்டிக் கொடுத்தாள். "இதையே அணைங்க சார். நீங்களே அணைங்க." சொல்லிவிட்டு மேஜையை விட்டே எழுந்து, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

மேனேஜர் அணைத்தார். சிவப்பு வந்தது. ஐந்து நிமிஷம் என்று நேற்றே சொல்லியிருந்தும் இரண்டாவது நிமிஷத்தில் அவர் மௌஸைப் பிடித்துவிட்டார்.

"கை" என்றாள் அவள்.

"இல்ல, சும்மா ஒரு ரிஃப்ரெஷ்..."

"கை சார்."

மேனேஜர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் ஒருவர் ஏணியில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு கண்ணாடியை முடித்து அடுத்ததில் பாதி வந்திருந்தபோது மேனேஜர் எழுந்த டப்பாக்களை எண்ண ஆரம்பித்தார். நாலு, ஆறு, ஒன்பது. அப்புறம் சத்தமில்லை. அவள் திரும்பவில்லை. திரும்பினால் ஓடிப்போய் எதையாவது தொட்டுவிடுவோம் என்று பயம்.

"எத்தனை சார்?"

"பத்து." கொஞ்சம் கழித்து, "பதினொண்ணு."

கண்ணாடிக்காரர் ஏணியை நகர்த்தினார்.

"எல்லாம் பச்சை" என்றார் மேனேஜர். நம்பாத குரல். ஃபோனை எடுத்து, பொறுப்பாளரம்மாவிடம் ரிப்போர்ட் வருகிறதா என்று கேட்டார். வராமல் என்ன, ஏன் சும்மா சும்மா கூப்பிடுகிறீர்கள் என்று அந்தம்மா கேட்டது ஜன்னல்வரை கேட்டது. மேனேஜர் நெற்றியைத் தடவினார். "எதுக்கும் இன்னொண்ணை அணைச்சிப் பார்த்துடலாமா?"

"பதினாலையும் அணைங்க சார். எனக்கு நாளைக்குக் காலைல ரயில்."

லீவுத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்காம் நாள் அக்காவை நடக்க வைக்கச் சொன்னார்கள். நாலு கால் வைத்த நடைத்தாங்கியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். தங்கை பின்னாலிருந்து இடுப்புப் பட்டையைப் பிடித்திருந்தாள். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை பத்தடி. நாலாவது அடியில் கட்டில்மேல் கிடந்த ஃபோன் அடித்தது. திரையில் மேனேஜர்.

அவள் பட்டையை விடவில்லை. ஃபோன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும் அடித்தது.

"எடுத்துப் பேசித் தொலை" என்றாள் அக்கா.

"எடுக்க மாட்டேன்."

"நீ எடுக்கலன்னா அது போடற சத்தத்துல நான் விழுந்துடுவேன். ஏம்மா, அதை ஸ்பீக்கர்ல போடுங்க." பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்த அம்மாள் எழுந்து வந்து போட்டார்.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றார் மேனேஜர். குரல் படபடத்தது. "இன்னைக்குக் காலைல பத்தே காலுக்கு ஒரு மெஷின் போயிடுச்சு. நாங்க அணைக்கல. அதுவா போயிடுச்சு."

அவள் பட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "சரி?"

"பத்து இருபத்தி ஒண்ணுக்கு எல்லாம் வேற மெஷின்ல வந்துடுச்சு. பத்து இருபத்தி நாலுக்குப் புது மெஷினும் வந்துடுச்சு. ரிப்போர்ட்டெல்லாம் போகுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல."

"இப்ப என்ன பிரச்சினை சார்?"

"பிரச்சினையே இல்ல மேடம். ஒண்ணும் ஆகலைங்கறதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருஷமாக ஏதாவது ஆகிவிட்டதென்று கூப்பிட்டார்கள்; இனிமேல் ஆகவில்லை என்று கூப்பிடுவார்களோ?

அக்கா நடைத்தாங்கியில் சாய்ந்தபடி ஃபோன் இருந்த பக்கம் திரும்பினாள். முப்பது வருஷம் வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை கேட்ட குரல் அது. "சார், நான் இவளோட அக்கா பேசறேன். உங்க மெஷின் ஒண்ணு செத்துப்போய், இன்னொண்ணு வந்து, யாரையும் கூப்பிடாம தன் வேலையைப் பார்த்திருக்கு. அதுகிட்ட நீங்க கொஞ்சம் கத்துக்கலாம். வைக்கறீங்களா?"

"வைக்கறேன்மா. உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றார் மேனேஜர்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் ஃபோனை அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினார். அக்கா முன்னால் திரும்பி ஐந்தாவது அடியை வைத்தாள். வலியில் முகம் கோணியது.

"ஏண்டி, இப்படியா இழுத்துப் பிடிப்ப? மாடா நான்? கொஞ்சம் விட்டுப் பிடி."

"விட்டா விழுவ."

"விழ மாட்டேன். விழுந்தா அப்பப் பிடி."

அவள் பிடியை ஒரு விரல் அளவு தளர்த்தினாள். அதற்கு மேல் தளர்த்த மனம் வரவில்லை. ஜன்னலுக்கு இன்னும் ஐந்தடி இருந்தது.